முக்கோணம் எண்ணும் விரல்

"விரல எடும்மா. பரீட்ச எழுத வந்தீங்களா, அரிசியில கல்லு பொறுக்க வந்தீங்களா?"

ஹட்டனில், பரீட்சை நடக்கவிருந்த பாடசாலையின் வாசலில்கூட பிரதாப் சார் விடுவதாக இல்லை. குடை நுனியால் ஈரமண்ணில் அவர் கீறிய முக்கோணத்தை எண்ணப் போன விரலைப் பூரணி மடக்கிக்கொண்டாள். சுற்றி நின்ற டியூஷன் கூட்டம் சிரித்தது.

மாதக்கணக்காக அவள் ஞாயிறுதோறும் அக்கரப்பத்தனையிலிருந்து பஸ் ஏறி வந்து வாங்கிப்போனது இந்த ஏச்சைத்தான். பெரிய முக்கோணத்துக்குள் சின்ன முக்கோணங்கள், மொத்தம் எத்தனை? பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டுப் பிரதேச செயலகத்து வாசலில் நிற்கிற சனத்துக்கு இதனால் என்ன ஆகப்போகிறது என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டதில்லை. அடுத்த மாதம் அரசாங்க வேலைக்கான வயதெல்லை தாண்டிவிடும். இந்தத் தடவையும் கோட்டைவிட்டால், புடவைக்கடையில் நின்று நின்று கால் வீங்க வேண்டியதுதான்.

சாருக்கு ஊரெல்லாம் பதாகை. அதில் 'நுண்ணறிவுச் சிகரம்' என்று பட்டம். டை கட்டியிருந்தார். அவர் பூசியிருந்த சென்ட், மழைக்காற்றையும் மீறி மூக்கில் ஏறியது. தாடியை மழித்தால் பூரணியைவிட இளையவராகத்தான் தெரிவார். அதனால்தானோ என்னவோ, மழிப்பதில்லை.

"போன வருஷம் வந்த உருவம் இது. எண்ணவே கூடாது. பக்கத்துக்கு நாலா? சூத்திரத்துல போடு, இருபத்தேழு. முடிஞ்சுது கத. எண்ணிக்கிட்டு இருக்கிறவன் கிளாக்கரு, சூத்திரம் தெரிஞ்சவன் அதிகாரி."

எல்லோரும் எழுத வந்திருப்பது கிளாக்கர் வேலைக்கான பரீட்சைதான் என்பதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

கேள்வித்தாளை மண்டபத்துக்குள்ளேயே திருப்பி வாங்கிவிடுவார்கள். ஒரு துண்டுகூட வெளியே வராது. ஆனாலும் வருடாவருடம் வந்த உருவங்களைச் சார் ஒரு கோடு பிசகாமல் கீறிக் காட்டுவார்.

"இவருக்கு மட்டும் எப்படித்தான் கெடைக்குதோ. மேல யாரோ பெரிய ஆள் இருக்காங்க அக்கா," என்றாள் கூட டியூஷன் படிக்கும் நிஷாந்தி, சாமியைப் பற்றிப் பேசுகிற குரலில்.

மணி அடித்தது. எல்லோரும் மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். சாரும் குடையை மடக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"சாருக்கு இங்கதான் டியூட்டி போல," நிஷாந்தி காதைக் கடித்தாள். "மேற்பார்வைக்கு வந்திருக்காரு."

"போச்சுடி. உள்ளயும் விரல எடும்பாரு."

மண்டபம் வௌவால் எச்சமும் நனைந்த காலுறையும் கலந்து நாறியது. யாரும் பின்னால் திரும்பக் கூடாது என்று அறிவித்தார்கள். கேள்வித்தாள் கைக்கு வரும் நேரத்தில், பூரணிக்குப் பின்னால் யாரோ கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

முக்கோணம் வந்திருந்தது. ஆனால் ஒரு கோடு பாதி வழியில் செத்துக் கிடந்தது. இன்னொன்று தேவையில்லாமல் குறுக்கே ஓடியது. சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தாள். கொடுத்திருந்த விடைகளில் இருபத்தேழு இல்லவே இல்லை.

மாதக்கணக்கில் கேட்ட பேச்செல்லாம் வாயில் கசந்தது. வருவது வரட்டும் என்று விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். ஒரு விடையை அடையாளமிட்டாள். சரியோ பிழையோ, அது அவளே எண்ணிய எண்ணிக்கை.

அப்போது அந்த சென்ட் நாற்றம் பிடரியில் வந்து மோதியது.

"விரல எடும்மா."

இங்கேயுமா? இந்த ஒரு நாளாவது இந்த மனிதன் வாயை மூடக்கூடாதா? அவள் எடுக்கவில்லை. வீம்புக்கு அந்த விடையின் மேலேயே விரலை அழுத்திக்கொண்டாள்.

பின்கதிரை கிரீச்சென்று முன்னால் நகர்ந்தது. குரல் இன்னும் தாழ்ந்தது. சிகரம் இறங்கி அடிவாரத்துக்கு வந்திருந்தது.

"கொஞ்சம் எடும்மா தாயே... விடைய மறைக்குது."