நாற்பது டீ

முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் பத்து வருடக் கணக்கையும் புரட்டி முடித்தாள், தணிக்கைக்கு வந்த பெண். எதிரே வயதான பொருளாளர், பாவம், கை கட்டி உட்கார்ந்திருந்தார்.

"முதல் வருஷம் நாற்பது உறுப்பினர், தினம் நாற்பது டீ. சரி. ஒவ்வொருத்தரா போய்ச் சேர்ந்து ஒன்பது பேர் ஆனப்புறமும் நாற்பது டீயா சார்?"

"குடிச்சோம்மா."

"யார் காதுல பூ சுத்துறீங்க? பில்லுல கடை பேரே இல்லை. போன வருஷம் திடீர்னு டீயே நின்னுபோச்சு. மாட்டிக்குவோம்னு பயமா? நான் எழுதினா போலீஸ் வரும்."

"போன வருஷம்தானேம்மா உனக்கு வேலை கிடைச்சுது?"

அவள் பேனா நின்றது.

"உங்கப்பா எங்களோட இருந்தவர். அவர் போனப்புறம் நாங்க கொடுத்த பணத்தை, இனாமா வேண்டாம்னு உங்கம்மா திருப்பிட்டாங்க. டீ போட்டுத் தரேன்னாங்க. நீ ஹாஸ்டல்ல இருந்தே, உனக்குத் தெரியாது."

கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துக் கேட்டாள். "மிச்சத்தைக் கொட்டியிருக்கலாமே சார்?"

"அந்தம்மா விடிகாலைல எழுந்து போட்டதைக் கொட்ட மனசு வருமா? ஆளுக்கு நாலு, அஞ்சுன்னு குடிச்சுத் தீர்த்தோம்." பொருளாளர் மாத்திரை டப்பாவைத் திறந்தார். "இப்போ ஒன்பது பேருக்கும் சர்க்கரை."