ட்ரிம் போடலாமா?

“எட்டு வயசு ஆகுது. தாங்குமா தம்பி?” கேட்கும்போதே மனைவியின் குரல் நடுங்கியது.

மேஜைமேல் கிடந்தது இரைந்து இரைந்து மூச்சு வாங்கியது. “அதெல்லாம் தாங்கும்மா. ஆனா சார் தன் வாயால சரின்னு சொல்லணும். அப்புறம் ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என் சட்டையைப் பிடிக்கக் கூடாது” என்றார் கம்ப்யூட்டர் மெக்கானிக்.

குயிலாருக்கு வியர்த்துக் கொட்டியது. அலுவலகத்தில் அவருக்குக் குயில் என்று பட்டப்பெயர். அதைப் பாராட்டு என்று நம்புகிற ஒரே ஆள் அவர்தான்.

இத்தனைக்கும் விஷயம் சின்னது. பழைய கம்ப்யூட்டர் ஆமையாக நகர்கிறதே என்று, தகவல் சேமிக்க, மலிவாகக் கிடைத்த வேறு கம்பெனி எஸ்.எஸ்.டி. டிரைவ் ஒன்றைப் போன வருஷம் வாங்கி மாட்டியிருந்தார். இப்போது அதுவும் ஆமையாகிவிட்டது. ட்ரிம் என்று ஒன்றைப் போட்டால் ஓடும் என்கிறார் மெக்கானிக். போட்டால் தகவல்கள் அழியலாம், அதற்கு நாங்கள் பொறுப்பல்ல, தொடரலாமா என்கிறது திரை.

“இந்த மாதிரி வாக்கியத்தை எழுதுறதுதான்யா என் உத்தியோகமே!” என்றார் குயிலார். அவர் இன்ஷூரன்ஸ் அதிகாரி. “நான் இப்படி எழுதினா, உள்ள பெரிய வில்லங்கம் இருக்குன்னு அர்த்தம்.”

“சார், லாட்ஜுல ஆள் ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிட்டார்னு வைங்க. துடைக்கிறவங்களுக்குத் தகவல் சொன்னாத்தானே ரூம் சுத்தமாகும்? அழிச்ச ஃபைல் இருந்த இடத்தைத் துடைக்கச் சொல்லி அந்தத் தகவல் சொல்றதுதான் ட்ரிம். அது இல்லாம, புது ஆள் பெட்டியோட வந்து நிக்கும்போதுதான் அவங்க துடைப்பத்தையே தேடுறாங்க.” மெக்கானிக் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“என்னப்பா, தூக்கமில்லையா?”

“ஒரு வாரமா இல்ல சார். அதை விடுங்க. டிரைவுல முக்கியமா ஏதாவது இருக்கா?”

குயிலாரின் முகம் கனிந்தது. “என் பாட்டெல்லாம் இருக்கு. சொந்தப் பாட்டு, சொந்த மெட்டு, சொந்தக் குரல். ரிட்டயர் ஆகுற அன்னைக்கு ஆபீஸ்ல ஒருத்தர் விடாம எல்லாருக்கும் கொடுக்கப் போறேன். என் வாழ்நாள் சம்பாத்தியம்னா அதுதான்.”

“வேற எங்கயாவது ஒரு காப்பி வச்சிருக்கீங்களா?”

“காப்பி எடுத்தா கசிஞ்சிடாதா? எவனாவது திருட்டுத்தனமா வெளியிட்டு எனக்கு முன்னாடி பேர் வாங்கிட்டுப் போயிடுவான்!”

மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

மெக்கானிக் பொறுமையாகத் தொடர்ந்தார். “கடைசியா ஒண்ணு சார். முன்னாடி அழிச்சது எதையாவது திரும்ப எடுக்கணும்னா இப்பவே சொல்லிடுங்க. ட்ரிம் ஓடிடுச்சுன்னா அப்புறம் எந்தக் கொம்பனாலயும் மீட்க முடியாது.”

“நான் எதையுமே அழிக்கிற ஆள் கிடையாதுப்பா” என்றார் குயிலார் பெருமையாக.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மச்சினனைக் கேட்டுவிடலாம் என்று போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டிருந்தது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். எதிர் வீட்டுக்காரர் குடை பிடித்தும் தொப்பலாக நனைந்து போய்க்கொண்டிருந்தார். இந்த மழையிலும் மனைவி கூப்பிட்ட அடுத்த நிமிஷம் தலைமுடிகூட நனையாமல் வந்து நின்ற மெக்கானிக்கை நினைத்து, தொழில்பக்தி என்றால் இதுதான் என்று மெச்சிக்கொண்டார்.

“அத்தான், பாட்டெல்லாம் அந்த டிரைவுலயா இருக்கு?” மச்சினன் கேட்டான்.

“ஆமாப்பா.”

“அப்ப யோசிக்கவே யோசிக்காதீங்க. போட்டுடுங்க!”

அவன் சொன்ன வேகத்தில் குயிலாருக்குத் தைரியம் வந்துவிட்டது. உள்ளே போய்க் கண்ணை மூடி, ‘ஆம்’ என்பதை அழுத்தினார். திரை இருண்டது. மனைவி முந்தானை நுனியைக் கசக்கிக்கொண்டே நின்றாள்.

திரை வெளிச்சமானது. கம்ப்யூட்டர் பறந்தது! அழுத்துவதற்குள் எல்லாம் திறந்தன. குயிலார் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டிக்கொண்டு, ‘என் பாடல்கள்’ என்ற ஃபோல்டரைத் திறந்தார்.

காலி.

“ஐயையோ! ட்ரிம் தின்னுடுச்சே!”

“ட்ரிம் இல்லீங்க” என்றாள் மனைவி, தரையைப் பார்த்தபடி. “நீங்க பால்கனியில இருந்தப்ப நான்தான் அழிச்சேன். கோவிச்சுக்காதீங்க. என் பொறுமைக்கும் ஒரு அளவு இருக்கில்ல?”

குயிலாருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. மனைவியிடம் பேசிப் பயனில்லை என்று மெக்கானிக்கின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நீதான்ப்பா மீட்டுக் கொடுக்கணும். எப்பேர்ப்பட்ட பாட்டு தெரியுமா? தினமும் கோழி கூவுறதுக்கு முன்னாடி எழுந்து, ஜன்னலைத் திறந்து வச்சுப் பாடினது. ஒரே ஒரு தடவை கேட்டிருந்தாலும் உனக்கு என் அருமை புரிஞ்சிருக்கும்!”

மெக்கானிக் கைகளை மெதுவாக விடுவித்துக்கொண்டு, வாசலில் கிடந்த ஈரமே படாத செருப்பை மாட்டினார்.

“கேட்டிருக்கேன் சார். போன வாரம் உங்களுக்கு நேர் கீழ்வீட்டுக்குக் குடிவந்தது நான்தான்.”