ஆணியில் இல்லாத சாவி

“ஒரு சாவிய பத்திரமா வெச்சிக்கத் தெரியாத ஆளுக்கு எதுக்குய்யா வாட்ச்மேன் வேலை?”

மரிய ஜோசப் போட்ட சத்தத்தில் தென்னை மரத்துக் காகம் பறந்தே போய்விட்டது.

பிச்சாவரம் போகிற ரோட்டில், தோப்புக்கு நடுவில் இருக்கும் அந்தப் பெரிய வீட்டை மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஏழு பெட்ரூம். கேரம் போர்டு, டேபிள் டென்னிஸ் என்று விளையாட்டுக்கென்றே தனி ஹால். கடலூரிலிருந்து வேனில் வந்து இறங்கிய குடும்பம் மொத்தம் பத்தொன்பது பேர். இறங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சமையலறை பூட்டிக் கிடக்கிறது, சாவியைக் காணோம்!

“இந்த ஆணிலதான் சார் மாட்டி வெச்சேன்.” வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மணவாளன் தலையைச் சொறிந்தார்.

“டூப்ளிகேட்?”

“அது ஓனர்கிட்ட சார். அவரு சென்னைல.”

“பூட்ட ஒடைச்சிடுவோம் மாமா,” என்றான் மருமகன் டேவிட் ராஜ்.

“ஐயையோ, வேணாங்க. தேக்குக் கதவு. ஒரு கீறல் வுழுந்தாலும் என்னை ஒடைச்சிடுவாரு.”

“அப்ப ஓனருக்கே கம்ப்ளைன்ட் பண்றேன். ஒரே ஒரு ஸ்டார்தான் போடுவேன்!” ஜோசப் செல்போனை எடுத்தார்.

மணவாளன் முகம் சுண்டிப் போனது. “போன மாசமே ஒரு கம்ப்ளைன்ட் போயிருக்கு சார். இன்னொண்ணு வந்தா வேலைய வுட்டு அனுப்பிடுவாரு.”

குறுக்கே வந்தது ஜோசப்பின் மனைவி வியாகுலமேரிதான்.

“பாவங்க அவரு. ஸ்டாரெல்லாம் கெளம்பறப்ப போட்டுக்கலாம். இத்தினி பேருக்கு சோத்துக்கு என்ன வழி, அதச் சொல்லுங்க. ஐயோ, என் கையால ஆக்கிப் போட முடியாம போச்சே!”

அந்த அம்மாள் அங்கலாய்த்ததும் சும்மா இல்லை. ஒவ்வொரு மே மாதமும் இந்தக் குடும்பம் இப்படிக் கூட்டமாகக் கிளம்பும். ஒவ்வொரு மே மாதமும் சமையல் வியாகுலமேரிதான். ஏற்காடு ஏரியை அவர் பார்த்தது அடுப்படி ஜன்னல் வழியாக. “மேரி கைமணம் ஹோட்டல்ல வருமா?” என்று ஒரு பாராட்டைப் போட்டுவிட்டு மற்றவர்கள் எல்லாம் சீட்டாடப் போய்விடுவார்கள். சாமர்த்தியமான குடும்பம்!

“அந்தோணியார வேண்டிக்க மேரி. எது காணாமப் போனாலும் நீ வேண்டிக்கிட்டா கெடைச்சிடுமே,” என்றார் ஜோசப்.

“அவருக்கு எப்ப தோணுதோ அப்ப குடுப்பாருங்க.”

மணவாளன் ஓடிப்போய்த் தன் வீட்டிலிருந்து இரண்டு அண்டாவும் கரண்டியும் தூக்கி வந்தார். கார் ஷெட் ஓரமாக மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியாயிற்று.

“இந்த வெயில்ல பொம்பளைங்க வேணாம். சமையல் என்ன பெரிய கம்ப சூத்திரமா? நாங்க பாத்துக்கறோம்,” என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார் ஜோசப். ஏன் சொன்னோம் என்று அவர் நொந்துகொள்ள ஒரு மணி நேரம் ஆனது.

முதல் நாள் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. டேவிட் ராஜ் வெங்காயம் உரித்தபடி கண்ணீர் விட்டான்.

“கல்யாணத்தன்னிக்கு நான்கூட இவ்ளோ அழுவல,” என்றாள் அவன் மனைவி ஆரோக்கிய அனிதா. “நீ வாம்மா, சும்மாதான ஒக்காந்திருக்க, கேரம் ஆடலாம்.”

ஸ்ட்ரைக்கரை எந்த விரலால் அடிப்பது என்று மகளிடம் கேட்டு ஆட உட்கார்ந்தார் வியாகுலமேரி. மறுநாள் சாயங்காலம் மருமகனையே தோற்கடித்தார்.

“நீங்க போயி வெங்காயமே உரிங்க மாப்ள!”

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு தோப்பு வரைக்கும் கேட்டது. வீட்டில் யாரும் அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் கேட்டதே இல்லை. விறகு கொண்டு வந்த மணவாளன்கூட ஜன்னலோரம் நின்று பார்த்தார்.

மூன்றாம் நாள் ஜோசப் வைத்த மீன் குழம்பு நிஜமாகவே நன்றாக வந்துவிட்டது. அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

“அஞ்சு ஸ்டார் போடுடி அனிதா,” என்றார் வியாகுலமேரி, வேனில் ஏறும்போது.

“போடு, போடு,” என்றார் ஜோசப். “அண்டா குடுத்த மனுசன். என் கொழம்ப போட்டோ எடுத்தியே, அதையும் சேத்துப் போடு.”

வண்டி கிளம்பும் நேரத்தில், “பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்” என்று இறங்கிய வியாகுலமேரி, நேராக மணவாளனிடம் போனார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஜெபமாலைப் பையைத் திறந்தார். மணிகளோடு சிக்கிக்கொண்டு வெளியே வந்தது சமையலறைச் சாவி.

“மன்னிச்சிடு தம்பி. ஒனக்குத் திட்டு வாங்கிக் குடுத்துட்டேன். அந்தோணியார்கிட்ட நான் வேண்டிக்கவே இல்ல. வேண்டிக்கிட்டா கண்டுபுடிச்சிக் குடுத்துடுவாரே!”

மணவாளன் ஆச்சரியப்படவில்லை.

“நீங்க பைல போட்டத அன்னிக்கே பாத்துட்டேங்க்கா. ஊரு சுத்திப் பாக்க வந்தவங்க மொத வேலையா அடுப்படி சாவிய ஒளிச்சி வெக்கறாங்கன்னா, அதுக்கு மேல நான் என்னத்த கேக்கறது?”

வியாகுலமேரிக்குக் கண் கலங்கிவிட்டது. “வேலை போயிருந்தா என்ன பண்ணியிருப்ப?”

“பயமாத்தான் இருந்துச்சு,” என்று சிரித்தபடி, சாவியைக் கோர்த்து வைக்க இடுப்பிலிருந்து கொத்தை எடுத்தார் மணவாளன். அதில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது, சென்னையில் இருப்பதாகச் சொன்ன டூப்ளிகேட் சாவி.