மூடி போட்ட டீ

மூன்றாவது டீ நிலவறைக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தது.

"இன்னுமா?" என்றார் கணவர், படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் விரலை வைத்து மூடியபடி. "பத்து மணிக்கு வந்த பிளம்பர். ஒரு பைப்பைக்கூட வெட்டலை. டீ மட்டும் இறங்கிட்டே இருக்கு."

"கேட்டார், கொடுக்கிறேன்" என்றாள் மனைவி. "முதல்ல டீ வேணும்னார். டம்ளர்ல கொடுத்தேன். பெரிய டீ வேணும்னார். சொம்புல கொடுத்தேன்."

"இதுக்கு எதுக்கு மூடி?"

"மூடி போட்ட டீயா வேணுமாம்."

"ராஜ பரம்பரை போலிருக்கு."

அவள் டீயோடு படி இறங்கினாள். மொத்தம் பதினான்கு படி.

நான்கு மணிக்கு அவளுடைய அண்ணன் வருகிறார். முழங்காலில் ஆபரேஷன் முடிந்து, தங்கை வீட்டில் ஒரு மாதம் ஓய்வு. தரைத்தளத்தில் நல்ல அறை ஒன்று உண்டு. அதில் கணவரின் புத்தகங்கள் இருந்தன. புத்தகங்களுக்குக் காற்றோட்டம் அவசியம் என்பது அவர் கட்சி. ஆகவே மச்சானுக்கு நிலவறை. கட்டில் போட்டாயிற்று, கழிப்பறை ஏற்கெனவே உண்டு, வாய் கொப்பளிக்க ஒரு சிங்க் மட்டும் பாக்கி.

"சிங்க்கும் வந்துட்டா அவர் மேலே ஏறவே வேண்டாமே" என்று சொல்லியிருந்தார். அக்கறையாகத்தான் சொன்னார். பைப், சிங்க் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு அவரே வாங்கியும் வைத்திருந்தார்.

மூன்றே முக்காலுக்குப் பொறுமை போயிற்று. கீழே இறங்கினார். பிளம்பர் சுவரில் சாய்ந்து, மூடியைத் திறந்து, டீயைக் குழப்பத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது? அதோ, பெரிய பைப்புல ஒரு ஓட்டை சும்மாத்தானே இருக்கு. சிங்க் பைப்பை அதுல சொருகிட்டுப் போங்களேன்."

"அது அடைப்பு எடுக்கிற வாய் சார். வீட்டுக் கழிவு எங்கே நின்னாலும் அது வழியாத்தான் கம்பி விடணும். அதுல சிங்க்கை மாட்டிட்டா கம்பி விட வழி இருக்காது. அடைச்சதெல்லாம் உங்க மச்சான் மூஞ்சி கழுவற இடத்துல வந்து எட்டிப் பார்க்கும்."

"அப்போ என்ன பண்றது?"

"டீ இருந்தா முடிஞ்சுது சார்."

"டீ குடிச்சா அடைப்பு போயிடுமா?"

"குடிக்கிற டீ இல்ல சார்."

பிளம்பர் சாக்பீஸ் எடுத்துச் சுவரில் ஒரு T வரைந்தார். "இது. மூணு வாய். ஒண்ணு பெரிய பைப்புக்கு. எதிர் வாய்க்கு மூடி, வேணும்போது திறக்கலாம். பக்க வாய்க்கு சிங்க். நீங்க வாங்கினதுல வளைவுக்குப் போடற எல்போ ஆறு இருக்கு, டீ ஒண்ணுகூட இல்ல."

"இதைக் காலையிலேயே சொல்றதுக்கென்ன?"

"காலையிலேருந்து இதைத்தான் சார் சொல்றேன். கடைக்குப் போய் டீ வாங்கிட்டு வந்துடறேன்னேன். வெளியே எதுக்கு, வீட்லயே போட்டுத் தரேன்னாங்க அம்மா."

"கொடுத்ததை எல்லாம் குடிச்சிருக்கீங்களே?"

"நல்லா இருந்துது சார்."

படியில் நின்ற மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள். "அடடா. நான் குடிக்கிற டீன்னுல்ல நெனச்சேன்."

"ஒரே சொல், ரெண்டு பொருள். இதுக்குப் பேர் சிலேடை" என்று கணவர் விளக்கினார். அவள் புதிதாகக் கற்றவள்போலத் தலையாட்டினாள்.

"சரி, ஓடிப் போய் வாங்கிட்டு வாங்க" என்றார் பிளம்பரிடம்.

"கடை இன்னிக்கு அரை நாள் சார். மூடியாச்சு."

வாசலில் கார் வந்து நின்றது. ஊன்றுகோல் சத்தம் கேட்டது.

"வேற வழியில்லை" என்றார் கணவர். "உங்கண்ணன் என் அறையிலேயே இருக்கட்டும்."

"புத்தகங்களுக்குக் காற்று?"

"ஜன்னலைத் திறந்து வை."

மச்சானைப் புத்தக அறையில் உட்காரவைத்து, டீ குழப்பத்தை முதலிலிருந்து சொன்னார் கணவர். மச்சான் சிரிக்கத் தொடங்கி, முழங்கால் வலித்ததால் நிறுத்தினார்.

"யாரு, இவளா? மாப்பிள்ளை, பள்ளிக்கூடம் விட்டா அப்பாவோட பைப் கடையில எல்போ, டீ எடுத்துக் கொடுக்கிறது இவதானே?"

மாமனார் ஏதோ கடை வைத்திருந்தார் என்பது கணவருக்குத் தெரியும். என்ன கடை, அதில் யார் நின்றார்கள் என்று கேட்டுக்கொண்டதில்லை.

திறந்திருந்த ஜன்னல் வழியாக, வாசலில் பிளம்பரை வழியனுப்பும் மனைவியின் குரல் வந்தது.

"மூணு இஞ்ச் டீ ஒண்ணு, மூடியோட. பக்க வாயைச் சுருக்க ஒண்ணரை இஞ்ச் ரெட்யூசர். அவசரமில்லண்ணே, அடுத்த மாசம் வந்தா போதும்."