அறையின் பெயர்

வீட்டு பிளானில் எழுத்தின் உயரத்தை இரண்டரை மில்லிமீட்டர் என்று வைத்தாள்.

இனி கவலையில்லை. முழு வீடும் நூறில் ஒரு பங்காகச் சுருங்கும் தாளிலும் சரி, ஒரு ஜன்னல் மட்டும் பெரிதாக விரியும் தாளிலும் சரி, எழுத்தும் அளவுக் கோடுகளின் எண்களும் ஒரே உயரத்தில் நிற்கும். ஒருமுறை வைத்தால் போதும். மற்றதைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

ஹால். சமையலறை. பூஜை அறை.

மாடியில், மிருதுளா அறை.

கதவு திறந்தது.

வீடு கட்டுகிற நாச்சிமுத்துவும் அவர் மனைவி தெய்வானையும். போன தடவை மகளோடு மூன்று பேராக வந்திருந்தார்கள். தன் அறை ஜன்னல் கிழக்கே வேண்டுமென்று மகள்தான் அப்பாவோடு சண்டை போட்டாள். சிரித்துக்கொண்டே தோற்றுப்போனார் அவர்.

இடையில் அந்த மகள், தனக்குப் பிடித்த பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். ஈரோட்டில் பாதிப் பேருக்குத் தெரிந்த செய்தி. பிளான் வரைகிற இவளுக்கும் தெரியும்.

நாச்சிமுத்து உட்காரவில்லை.

“மாடில ஒரு பேரு போட்டிருக்கறீங்களே அம்மிணி. அதை எடுத்துப்போடுங்க.”

“வேற என்னங்க போடறது?”

“ஸ்டோர்னு போடுங்க. வேண்டாத சாமானப் போட ஒரு எடம் வேணுமல்ல.”

தெய்வானை சுவரில் ஒட்டியிருந்த டைல்ஸ் மாதிரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லாத் தாளிலிருந்தும் அந்தப் பெயரை மொத்தமாக அழிக்க ஒரு பொத்தான் போதும்.

பிளான் வரைகிறவள் அதை அழுத்தவில்லை. வீடு முழுதும் தெரியும் தாளிலிருந்து மட்டும் பெயரை விலக்கினாள். அந்த இடத்தில் ஸ்டோர் என்று வைத்தாள்.

ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

அச்சாகி வந்த முதல் தாளில், நாச்சிமுத்து மாடியை மட்டும் விரலால் தேடிப் பார்த்தார். தலையாட்டினார். “மிச்சத்த வாங்கிட்டு வா” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, காரை எடுக்கக் கீழே இறங்கிப் போனார்.

பிரிண்டர் கடைசித் தாளைத் தள்ளியது. மாடி ஜன்னல், பெரிதாக.

அதன் பக்கத்தில், மிருதுளா அறை.

தெய்வானை பார்த்துவிட்டாள்.

“தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. இதுலயும் எடுத்தர்றேன்.”

மவுஸுக்குப் போன கையைத் தெய்வானை பிடித்துக்கொண்டாள்.

“என் போன்ல அவ நம்பரையும் அவரே அழிச்சுப்போட்டாரு.”



கீழே ஹாரன் அடித்தது.

“ஊட்டுக்குப் போனா எல்லாத் தாளையும் பிரிச்சுப் பார்ப்பாரு.” தெய்வானையின் குரல் தணிந்தது. “இந்த எழுத்த இன்னும் பொடிசாக்க முடியுமா கண்ணு?”

முடியும். அந்தப் பெயருக்கு மட்டும் இரண்டரையை ஒன்றாக்கினாள்.

தெய்வானை திரையைப் பார்த்தாள். போதாது என்று தலையசைத்தாள்.

அரை.

இன்னும்.

கால்.

தாள் மறுபடி வந்தது. ஜன்னல் அப்படியே இருந்தது. அளவுகளும் அப்படியே இருந்தன. பெயர் இருந்த இடத்தில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், மை தெறித்த மாதிரி ஒரு சின்னக் கறை. வைத்தவளாலேயே படிக்க முடியவில்லை.

ஹாரன், இம்முறை விடாமல்.

தெய்வானை தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“தெரியுது கண்ணு” என்றாள்.