சாவியில் விழுந்த பிழை

“அந்த வீட்டுப் பிள்ளை என்ன படிக்குது?” போனில் புலனாய்வுக்காரரின் குரல் கேட்டது.

“ஒட்டுக்கேட்கிறவையைப் பிடிக்கிற படிப்பாம் ஐயா,” என்றார் குகதாசன்.

“வடிவா விசாரிச்சுச் சொல்லும்.”

முள்ளியவளையில் குகதாசனுக்கு அடுத்த வீடு நாகேஸ்வரியுடையது. காணாமல் போன மகனுக்காக எங்கே போராட்டம் என்றாலும் நாகேஸ்வரி போவார். அவர் போகுமுன் குகதாசன் அதைப் போனில் சொல்லிவிடுவார். யுத்தம் முடிந்து தடுப்பு முகாமிலிருந்து அவரை வெளியே விட்ட நாள் முதல் இதுதான் நடக்கிறது. ஒருமுறை மறுத்துப் பார்த்தார். வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

போன் வந்த அன்று பின்னேரம் குகதாசன் அடுத்த வீட்டுக்குப் போனார். நாகேஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார். மகள் தேனுகா மடிக்கணினியோடு இருந்தாள்.

“பிள்ளை, உந்தப் படிப்பு என்னெண்டு எனக்கும் சொல்லன்.”

“குவாண்டம் எண்டு சொல்லுவினம் மாமா. இரண்டு பேர் இரகசியமாக் கதைக்க ஒரு சாவி வேணும், நீளமான இலக்கம் மாதிரி. அதை ஒளித் துணிக்கையளில ஒவ்வொண்டா அனுப்புறது. நடுவில ஆரும் பாக்க வெளிக்கிட்டால் துணிக்கை மாறிப்போகும். பிறகு இரண்டு பேரும் கொஞ்சத்தை ஒப்பிட்டுப் பாப்பினம். பிழை கூடவா இருந்தால் ஆரோ ஒட்டுக்கேட்டிருக்கினம்.”

“ஆர் எண்டு தெரியுமோ?”

“அது தெரியாது. அந்தச் சாவியை எறிஞ்சுபோட்டு வேற சாவி அனுப்ப வேண்டியதுதான்.”

குகதாசனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“எங்களுக்கு ஆளும் தெரியும்,” என்றார் நாகேஸ்வரி, தேத்தண்ணியை நீட்டியபடி. “போன மாதம், வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போறன் எண்டு உம்மட்ட மட்டும்தான் சொன்னனான் தம்பி. போற யோசனையே எனக்கு இல்லை. வியாழக்கிழமை புலனாய்வுக்காரர் வீட்டுக்கு வந்து, ஏன் போறாய் எண்டு கேட்டவை.”

குகதாசனுக்கு முகம் எரிந்தது. தேனுகா எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் அங்கேயே இருந்து ஏசியிருந்தால் நல்லது போலிருந்தது அவருக்கு.

“பிறகேன் அக்கா என்னை உள்ளுக்கு விடுறியள்?” குனிந்தபடியே கேட்டார்.

“விடாட்டி நீர் அவைக்கு என்னத்தைச் சொல்லுவீர்? வெறுங்கையோட போனால் சும்மா விடுவினமே? இரண்டு பொம்பிளைப் பிள்ளையளை வைச்சிருக்கிறீர்.”

குகதாசன் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

“அதுக்குப் பிறகு நான் உமக்குச் சொன்னதெல்லாம், நீர் அங்க சொல்லுறதுக்கெண்டுதான் சொன்னனான். திங்கள் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் பொங்கப் போறம். போன் வந்தால் அதைச் சொல்லும்.”