உச்சியில் நின்ற தம்பி

சிலி நாட்டுப் பாலைவனத்தில் உள்ள உயர்ந்த எரிமலை ஒன்றில் ஏறுவதற்காக ஜெனுசனும் அவனுடைய மனைவியின் தம்பி பிரணவனும் தாங்கள் வசிக்கும் லோசான் நகரிலிருந்து போயிருந்தார்கள். பாதி மலையில் மூச்சுத் திணறியதால் பிரணவன் மட்டும் முன்கூட்டியே திரும்பி, அக்கா சிவதர்சினியின் வீட்டில் தங்கியிருந்தான்.

ஒரு மாலை அவன் குசினியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஜெனுசன் மலையிலிருந்து செய்மதித் தொலைபேசியில் அவளை அழைத்தான்.

"தர்சி, உச்சிக்கு வந்திட்டம்! பிரணவன் இல்லையெண்டால் நான் செத்திருப்பன். அவன்தான் கையைப் பிடிச்சு ஏத்தினவன்."

"என்னப்பா கதைக்கிறீங்கள்? தம்பி இஞ்சையெல்லோ நிக்கிறான்."

"உமக்கென்ன விசரோ? இந்தாரும், அவனோடயே கதையும்."

காற்று இரைந்தது. பிறகு தம்பியின் குரல் கேட்டது. "அக்கா, பயப்படாதேங்கோ. அத்தானைப் பத்திரமாய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

எதிரே இருந்த பிரணவன் வாயே திறக்கவில்லை. "ஆரக்கா?" என்று பிறகுதான் கேட்டான்.

"அத்தான்தான்," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் அக்காவும் தம்பியும் ஜெனீவா விமான நிலையத்தில் காத்து நின்றார்கள். ஜெனுசன் தனியாக வெளியே வந்ததும்தான் அவளுக்கு உயிர் வந்தது. அவன் ஓடிவந்து அவளை அணைத்துக்கொண்டான்.

"பிரணவன் பெட்டி எடுக்க உள்ளுக்கு நிக்கிறான். இப்ப வந்திடுவான்," என்றவன், அவள் தோளுக்கு மேலால் பார்த்தான். அவனுடைய கைகள் தளர்ந்து விழுந்தன.

பின்னாலிருந்து தம்பி அவள் விரல்களை இறுகப் பற்றினான்.

"அக்கா, வீட்டை போவம். அவன் வாறதுக்கு முந்திப் போவம்."

கண்ணாடிக் கதவு மறுபடியும் திறந்தது.